சிவந்தியின் இலை

சிவந்திப் பூவுக்குப் பெரிய மணம் ஒன்றும் கிடையாது. பிச்சியைப் போல அறையை நிறைக்காது. மல்லிகையைப் போல வாடிய பிறகும் தலையணையில் தங்காது. மூக்கோடு ஒட்டி வைத்து முகர்ந்தால் லேசாக ஒரு கசப்பு தெரியும், அவ்வளவுதான். இலை வேறு மாதிரி. ஓரம் வெட்டுப்பட்டு, அடிப்பக்கம் சாம்பல் பூத்தது போலிருக்கும் அந்த இலையில் ஒன்றைக் கிள்ளிக் கசக்கினால், கற்பூரமும் பச்சைக் கசப்பும் கலந்த ஒரு நெடி சட்டென்று எழும். சோப்பு போட்டுக் கழுவினாலும் கொஞ்ச நேரம் விரலை விட்டுப் போகாது. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் உள்ள எண்ணெயில் நிஜமாகவே கற்பூரம் உண்டு, யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் சினியோலும் உண்டு. பூச்சிகளை அண்டவிடாமல் இருப்பதற்காகச் செடி வைத்திருக்கும் சரக்கு அது. பூ வண்டைக் கூப்பிடுகிறது, இலை போ என்கிறது.

இந்த இலையைத் தோவாளைப் பூச்சந்தையில் யாரும் விலைக்குக் கேட்பதில்லை. அங்கே விலைப்பட்டியல் பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கிரேந்தி, துளசி, கொழுந்து என்று போகும். நடுவில் 'சிவந்தி மஞ்சள்', 'சிவந்தி வெள்ளை' என்று இரண்டு வரி இருக்கும். புத்தகத்தில் செவ்வந்தி, சென்னையில் சாமந்தி, எங்கள் குமரி மாவட்டத்தில் சிவந்தி. பிச்சி பக்கத்து ஊர்களிலேயே விளையும். சிவந்தி பெரும்பாலும் ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து வண்டியேறி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து இறங்கும். பூவை மட்டும் கிள்ளி மூட்டை கட்டி அனுப்புவார்கள். தப்பித் தவறிக் கூடவே வந்துவிடும் இலை, மாலை கட்டுகிறவர்களின் காலடியில் கிடந்து, சாயங்காலம் வாரியலோடு போய்விடும்.

என் பெரியம்மை தக்கலையில் எங்கள் குடும்ப வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் பூ கட்டியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் உள்ள ஒரு கடையிலிருந்து காலையில் பூ வரும். மத்தியானத்துக்குள் அது சரமாகவும் மாலையாகவும் திரும்பிப் போகும். கூலி எண்ணிக்கைக்குத்தான். பிச்சியை அவள் பார்க்காமலே கட்டுவாள், டிவி பார்த்துக்கொண்டே கை தானாக ஓடும். சிவந்திக்குக் குனிந்துகொள்வாள். நாரை இறுக்கினால் தலை ஒடியும், தளர விட்டால் மாலை தொங்கிப் போகும். "சின்னப் பிள்ளைக்குச் சடை பின்னுத மாதிரி கெட்டணும் மக்ளே. அழவும் செய்யப்பிடாது, அவுந்தும் போகப்பிடாது" என்பாள்.

அவள் தலையில் நான் பூ பார்த்ததில்லை. பெரியப்பா 1997இல் இறந்தார். அப்போது அவளுக்கு 33 வயது. எனக்கு நாலு. அவள் மடி நிறையப் பூ இருந்து, தலையில் ஒன்றுகூட இல்லாமல் இருந்ததுதான் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் திண்ணையின் காட்சி. ரொம்ப நாள் அதில் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. சமையல்காரர் பந்தியில் உட்காராத மாதிரி, பூ கட்டுகிறவர்கள் பூ வைப்பதில்லை போல என்று நினைத்திருந்தேன்.

கல்லூரியில் தாவரவியல் படிக்கப் போன பிறகுதான் சிவந்தியின் பெயர்க் கதை தெரிந்தது. லின்னேயஸ் 1753இல் இதன் காட்டு வகை ஒன்றுக்கு 'கிரைசாந்திமம் இண்டிகம்' என்று பெயர் வைத்தார். முதல் சொல் கிரேக்கம், பொன் பூ என்று பொருள். இரண்டாவது சொல், இந்தியாவினுடையது என்று பொருள். ஆனால் அந்தச் செடியின் ஊர் சீனாவும் கொரியாவும் ஜப்பானும். கிழக்கே இருந்து கப்பலில் வந்தது எல்லாமே அன்றைய ஐரோப்பாவுக்கு ஏதோ ஒரு இந்தியாதான். நாம் மாலை கட்டும் சிவந்தி, அந்தக் காட்டு வகையும் வேறு சில உறவுகளும் கலந்து சீனத் தோட்டங்களில் உருவான கலப்பு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் பித்திகம் உண்டு, நம்முடைய பிச்சிதான் அது. செவ்வந்தி என்ற பெயர் அதில் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வகைப்பாட்டியல்காரர்கள் அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது பூக்கடைச் செவ்வந்திக்கு 'டென்ட்ராந்திமா' என்று புதுப் பெயர் வந்தது. பூ வளர்க்கிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1999இல் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டை ஒட்டிப் பழைய பெயரே திரும்ப வந்தது. அதற்காக முழுப் பேரினத்துக்கும் அடையாள இனமாக வைக்கப்பட்டது எது தெரியுமா? அந்த இண்டிகம்தான். தப்பான ஊரைப் பெயரில் சுமந்துகொண்டிருந்த செடியே குடும்பத்துக்குத் தலைமை ஆகிவிட்டது. இத்தனை கூத்துக்கும் நடுவில் செடி தன் பாட்டுக்கு ஐப்பசியில் மொட்டு விட்டுக்கொண்டிருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் ஆச்சியைத்தான் நினைவு வந்தது. பெரியம்மையின் மாமியார், என் அப்பாவின் அம்மை. ஆச்சி பிறந்தது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில். கல்யாணம் முடித்தது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் சேர்ந்த பிறகு, பிள்ளைகளைப் பெற்றது சென்னை மாநிலத்தில். இறந்தது தமிழ்நாட்டில். இவ்வளவுக்கும் ஆச்சி கல்குளம் தாலுகாவை விட்டுக் குடிபெயர்ந்ததே இல்லை. அந்த நவம்பர் ஒன்றுக்கு முன்னால் போராட்டமும் துப்பாக்கிச் சூடும் உயிர்ச்சேதமும் உண்டு, அதைச் சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆச்சியைக் கேட்டால், "ரேஷன் கார்டுல எழுத்து மாறிச்சு" என்று மட்டும் சொல்வாள்.

எங்கள் ஊரில் எது எங்கிருந்து வந்தது என்று கிளறினால் முடிவே இருக்காது. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலையிலிருந்து நடந்து போகிற தூரம். நிலம் தமிழ்நாட்டில், அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில். பூமுகத்துக்குள் நுழைந்தால் ஓணத்துக்கு அரசருக்குக் கொடுத்த ஓணவில்லும் சீன நாற்காலியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். உள்ளே பெரிய பெரிய சீன ஜாடிகள். மாடியில் டச்சுக்காரர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் மூலிகைக் கட்டில். பள்ளிக்கூடத்திலிருந்து வருடா வருடம் கூட்டிப் போய்க் காட்டினார்கள், அதனால் சீனா என்பது எங்களுக்கு அத்தனை தூரத்து இடமாகத் தோன்றியதில்லை.

தக்கலையில் சிவந்திக்கு நல்ல மவுசு உள்ள மாதங்கள் ஆவணியிலிருந்து தொடங்கும். முதலில் ஓணம். அத்தம் தொடங்கிப் பத்து நாள் அத்தப்பூ. தோவாளையிலிருந்து கேரளத்துக்குப் போகும் பூ வண்டிகளில் சிவந்தியும் கிரேந்தியும் மலையாய்க் குவிந்திருக்கும். கோலத்துக்கு இதழை உதிர்ப்பார்கள். தாவரவியல் கணக்கில் அந்த இதழ் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ. சிவந்தி என்று நாம் சொல்வது ஒரு பூ கிடையாது, ஒரு காம்பில் கூடி உட்கார்ந்திருக்கும் பெரிய கூட்டம். அந்தக் குடும்பத்தின் குணமே அது. சூரியகாந்தியும் அப்படித்தான்.

பிறகு நவராத்திரி. அரண்மனைத் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூன்று பேரும் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவார்கள். ரெண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்யும். வழியெல்லாம் மக்கள் பூவோடு நிற்பார்கள். அதன் பிறகு நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மாவட்டத்தின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தியும் சிவந்தியுமாக இருக்கும். பிரான்சிலும் அதே நாட்களில் கல்லறையில் வைப்பது இதே பூதான். அதனால் அங்கே யார் வீட்டுக்கும் விருந்துக்குப் போகும்போது செவ்வந்திக் கொத்து கொண்டு போக மாட்டார்கள். ஜப்பானில் சாவு வீட்டுக்கு வெள்ளைச் செவ்வந்தி. அதே ஜப்பானில் அரச குடும்பத்தின் முத்திரையும் பதினாறு இதழ்ச் செவ்வந்திதான், அவர்கள் பாஸ்போர்ட் அட்டையிலேயே பொறித்திருக்கும்.

ஆக, சாமிக்கு ஆகும், மாவேலிக்கு ஆகும், பிணத்துக்கு ஆகும், ராஜாவுக்கு ஆகும். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அத்தனையையும் கட்டியவளுக்கு மட்டும் ஆகாது.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் ஒரு பெயர் உண்டு. சைவ எல்லப்ப நாவலர் எழுதிய தலபுராணத்தின் பெயரே செவ்வந்திப் புராணம். சாரமா முனிவர் நந்தவனம் போட்டுச் செவ்வந்தி வளர்த்துச் சாமிக்குச் சாத்துகிறார். பூ வியாபாரி ஒருவன் அதைத் திருடி உறையூர் ராஜாவுக்குக் கொண்டு போய்க் கொடுக்கிறான். ராஜா திருட்டை நிறுத்தாமல் இன்னும் கொண்டு வா என்கிறான். முனிவர் முறையிட, சாமி உறையூர்ப் பக்கம் திரும்பிப் பார்க்க, மண் மாரி பெய்து ஊரே மூடிப்போகிறது. ஒருமுறை லீவில் வந்திருந்தபோது பெரியம்மையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவள் நாரைப் பல்லில் கடித்துக் கிழித்துக்கொண்டே கேட்டாள்.

"சாமிக்குள்ளத எடுத்தவனுக்கு மண்ணு மாரி."

"ஆமா பெரியம்மை."

"மனுசிக்குள்ளத எடுத்தா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள் அடுத்த பூவை எடுத்துவிட்டாள்.

2015இல் அவள் மகளுக்கு, என் அக்காவுக்குக் கல்யாணம். மாலை எல்லாம் பெரியம்மை கைவேலைதான், வேறு யாரிடமும் கொடுக்க விடவில்லை. முந்தின ராத்திரி அக்கா ஒரு முழம் பிச்சியை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, நாளைக்கு நீ வச்சுக்கிடணும். எவ என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பெரியம்மை அதைக் கையில் வாங்கி, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"நீ வச்சு விட்டா ஒனக்கு ஜெயிச்ச மாதிரி இருக்கும் மக்ளே. நாளைக்கு முழுக்க எல்லாரும் எனக்க தலையத்தான் பாப்பாவ. கல்யாணம் ஒனக்கா எனக்கா?"

அக்கா அழுதாள். எனக்கு அந்தப் பதிலில் அன்று உடன்பாடு இல்லை. இன்றைக்கும் முழுதாக இல்லை. ஆனால் யாருடைய தலை என்ற கேள்விக்கு அவள் பதில்தான் கணக்கு என்பதை மறுக்க முடியவில்லை.

மறுநாள் முகூர்த்த நேரத்தில் பெரியம்மை மேடைக்கு வரவில்லை. பந்திக்கும் சமையல் கட்டுக்கும் நடுவில் நின்றிருந்தாள். அவள் கொண்டையில் பச்சையாக ஏதோ சொருகியிருந்தது. சொந்தத்தில் ஒரு மாமி நேராக அங்கே போனாள்.

"என்ன மைனி, கொண்டையில என்னது?"

"தலவலி. சிவந்தி எலை வச்சிருக்கேன்."

"தலவலிக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

மாமி ஒன்றும் சொல்லவில்லை. மருந்தை யார் என்ன சொல்ல முடியும்? எல்லாம் ஓய்ந்த பிறகு நான் பக்கத்தில் போய், "பெரியம்மை, தலவலி இருந்துதா?" என்று கேட்டேன். கொண்டையிலிருந்து அந்தக் கொழுந்தை உருவி, ஒரு இலையைக் கசக்கி என் மூக்குக்குப் பக்கத்தில் காட்டினாள்.

"மணத்திப் பாரு. பூ வைக்கப்பிடாதுன்னு சொன்னாவ. எலைய மணத்தப்பிடாதுன்னு ஒருத்தரும் சொல்லல்லியே."

அப்போதுதான் மற்றது எல்லாம் எனக்குப் பிடிபட்டது. கிணற்றங்கரையில் ஒரு சிவந்திச் செடி எப்போதும் இருக்கும். தண்ணீர் கோரப் போகும்போதெல்லாம் அவள் ஒரு இலையைக் கிள்ளுவாள். திண்ணையில் பூ கட்டும்போது முந்தானை முடிச்சில் சில்லறையோடு இரண்டு இலை கிடக்கும். சின்ன வயதில் அவள் சேலையில் ஒட்டிக்கொண்டு தூங்கும்போது எனக்குத் தெரிந்த மணம் அதுதான். பூ கட்டுகிறவள் மேல் பூ மணக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

அக்கா கல்யாணத்துக்குப் பிறகு சிங்கப்பூர் போனாள். முதல் தடவை ஊருக்கு வந்தபோது அட்டைப் பெட்டியில் கிரைசாந்திமம் டீ கொண்டு வந்தாள். அங்கே கடைக்குக் கடை கிடைக்கும், தமிழர்களும் குடிப்பார்கள். பெரியம்மை ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு, "இது நம்ம சிவந்தில்லா!" என்றாள். சீனர்கள் இதைச் சூடு தணியவும், கண் எரிச்சலுக்கும், தலைவலிக்கும் குடிப்பார்கள் என்று அக்கா சொன்னாள். பெரியம்மை என்னைத் திரும்பிப் பார்த்து, "கேக்கும்னு நான் அண்ணைக்கே சொல்லல்ல?" என்றாள். சீனாவில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி செவ்வந்தி மது குடிக்கும் திருநாள் உண்டு. நாலாம் நூற்றாண்டில் பிறந்த தாவோ யுவான்மிங் என்ற கவிஞர், அரசு வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, வேலியோரச் செவ்வந்தியோடு வாழ்ந்தவராக இன்றுவரை நினைக்கப்படுகிறார். அங்கே செவ்வந்தி என்றால் ஒதுங்கி நிற்பவரின் பூ. ஒதுங்கிப் போவது வேறு, ஒதுக்கி வைக்கப்படுவது வேறு. தாவோவுக்கு வேலையை விட வழி இருந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் தெருவில் புது எல்இடி விளக்கு போட்டார்கள். வெளிச்சம் மதிலைத் தாண்டிக் கிணற்றங்கரையில் விழுந்தது. அந்த வருடம் சிவந்திச் செடியில் விளக்கைப் பார்த்த பக்கம் ஒரு மொட்டுகூட வரவில்லை. மதில் நிழல் விழுந்த பக்கம் மட்டும் பத்துப் பதினைந்து பூ. பெரியம்மைக்கு ஆச்சரியம். எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள தொடர்பை 1920இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு பேர் புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதினார்கள். 1938இல் ஹாம்னர், பான்னர் என்ற வேறு இரண்டு பேர், இந்த வகைச் செடி எண்ணுவது பகலை அல்ல இரவை என்று காட்டினார்கள். இருட்டு போதுமான நேரம் அறுபடாமல் நீண்டால்தான் மொட்டு வைக்கும். நடு ராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்தாலே கணக்கு தப்பிவிடும், இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். நிழல்வலைக் குடிலில் செவ்வந்தி வளர்ப்பவர்கள் பூவைத் தள்ளிப்போட வேண்டுமென்றே ராத்திரியில் விளக்குப் போடுவார்கள். தக்கலை போல நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரியில் இருக்கும் ஊரில் மிக நீண்ட பகலே பன்னிரண்டரை மணி நேரத்தைச் சுற்றித்தான். ராத்திரிக்குக் குறைவே இல்லை. அதனால்தான் அந்த ஒற்றை விளக்கு அத்தனை சுத்தமாக வேலை செய்தது.

ஒரு பழைய சாக்கை மதில் மேல் கட்டி வெளிச்சத்தை மறைத்தால் போதும், பூக்கும் என்று சொன்னேன்.

"எதுக்கு? எலை நல்லா வருதே" என்றாள் பெரியம்மை.

சாக்கு கட்டவில்லை. இப்போது அந்தச் செடி ஆள் இடுப்பு உயரம், முழுக்க முழுக்க இலை.

சிவந்தியை விதை போட்டு வளர்த்தால் தாய் மாதிரி வராது. பூத்து முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டால் வேரிலிருந்து பக்கக்கன்று முளைக்கும். அதைப் பிரித்து நட வேண்டும். இல்லையென்றால் நுனியைக் கிள்ளி மணலில் ஊன்ற வேண்டும். ஆக, ஒரு செடி என்பது இன்னொரு செடியின் துண்டு. சீனத்திலிருந்து உறையூர் நந்தவனம் வரைக்கும், ஓசூர் வரைக்கும், எங்கள் கிணற்றங்கரை வரைக்கும் அது வந்தது என்றால், ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ஈர மண்ணோடு ஒரு துண்டை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கள் செடியை யார் கொடுத்தது என்று போன பொங்கலுக்குக் கேட்டேன்.

"ஒனக்க ஆச்சி நட்டது" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. பதினாறாம் நாள் காரியத்தன்று பெரியம்மையின் தலையிலிருந்து பூவை எடுத்தது ஆச்சி என்று எனக்குத் தெரியும். அதற்குப் பல வருடம் முன்னாலேயே ஆச்சியும் விதவை, அதனால் அதைச் செய்யும் முறை அவளுக்கு இருந்தது. பெரியம்மை மெதுவாகச் சொன்னாள். காரியம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் ஆச்சி எங்கிருந்தோ ஒரு பக்கக்கன்றை வாழை மட்டையில் பொதிந்து கொண்டு வந்தாள். கிணற்றங்கரையில் குழி தோண்டி நட்டாள். தண்ணீர் ஊற்றினாள். ஒரு இலையைக் கிள்ளித் தன் மூக்கில் வைத்து மணத்தினாள். இன்னொன்றைக் கிள்ளி மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"எதுக்குன்னு நீங்க கேக்கல்லியா?"

"கேக்கல்ல. அவிய சொல்லவும் இல்ல."

எங்கள் தெருவில் இப்போது அந்தச் செடி ஏழு வீடுகளில் இருக்கிறது. யார் யார் கன்று வாங்கிப் போனார்கள் என்று பெரியம்மை விரல் விட்டுச் சொல்வாள். நாலு பேர் பூவுக்காக வாங்கினார்கள். மற்ற மூன்று பேர் எதற்கு வாங்கினார்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.